முதுகு கொடுத்தவர்

"இன்னைக்கி இன்னா சட்டை, சிஸ்டர்?"

சாயங்காலம் பார்வையாளர் மணி அடித்ததும் கன்னியப்பன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

நான் ஜன்னலுக்குப் போவேன். ஆண்கள் வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் கம்பி வேலி தெரியும், அப்புறம் ரோடு, அதற்கும் அப்பால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேடு. வேலியை ஒட்டி ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். ஒல்லியான ஆள், ஏறு நெற்றி.

"நீலத்துல வெள்ளைக் கோடு" என்பேன்.

"முழுக் கையா?"

"முழுக் கைதான். மடிச்சு விட்டிருக்காரு."

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொள்வார். "தீவாளிக்கி நான் எடுத்துக் குடுத்த துணி" என்பார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இருக்காது.

கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். தள்ளிப் பார்த்தோம். வெள்ளைக்காரன் கட்டிய ஆஸ்பத்திரி, ஜன்னல்கள் ஆள் உயரத்தில் இருந்தன. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் வானம்தான் தெரிந்தது. எழுந்து நிற்க அவரால் முடியாது. வெளியே நின்றவரை உள்ளே விட ஆளில்லை. அதனால் என் கண்ணைத்தான் அவர் கடன் வாங்கிக்கொண்டார்.

சென்ற வாரம் மேட்ரனுடைய நாயைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "இந்தம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாரா, நாய்க்குச் சோறு வைத்தாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் செய்தேன் ஐயா. இந்த வாரம் நாய் கிடையாது.

ஒரே அடுப்பு

அறுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நர்சிங் படிப்பை முடித்து, பிறந்த ஊரான கோலார் தங்கவயலுக்கே வேலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குளிர் காலத்தில் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். ஷிஃப்ட் சங்கு ஊதினால் ஊரே எழும், மறுபடி ஊதினால் ஊரே சாப்பிடும்.

கன்னியப்பன் எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் ஒன்றான மைசூர் மைன்ஸில் மெஷின்காரர். ஆழத்து லெவலில் பாறையில் துளை போடுகிற வேலை. துளை போடும்போது பறக்கிற கல்தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்பி வராது. டாக்டர்கள் அதற்கு சிலிகோசிஸ் என்று எழுதுவார்கள். கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் தூசி நோய் என்பார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அதற்கு மருந்து இல்லை.

வேலிக்கு வெளியே நின்றவர் சாமிக்கண்ணு, டெய்லர். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் ஒரு லைன் வீட்டில் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு, வெகு காலமாக. யாராவது கேட்டால் சித்தப்பா மகன் என்று சொல்வார்கள். லைனில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

இப்போது தன்பாலீர்ப்பு என்று மரியாதையாக ஒரு சொல் இருக்கிறது. அன்று எங்களிடம் நல்ல சொல் ஒன்றுகூட இல்லை, இருந்ததெல்லாம் ஏச்சுதான். அதனால் நான் பெயர் சொல்லியே எழுதுகிறேன். கன்னியப்பன், சாமிக்கண்ணு. அது போதும்.

பித்தளை வில்லை

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குப் பித்தளை வில்லை உண்டு. அதைக் காட்டித்தான் ஆட்களை உள்ளே இறக்கும் கேஜில் ஏற வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு ஒரு வில்லை. நோயாளியைச் சேர்க்க வருகிற சொந்தக்காரர் கையில் அதைக் கொடுத்துவிடுவார்கள். யார் பார்க்க வரலாம், யார் கூட இருக்கலாம் என்பதெல்லாம் வில்லை வைத்திருப்பவர் சொல்படிதான். ஆண்கள் வார்டில் ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு இடமில்லை என்பதால், கட்டின மனைவிகூட அழுதுகொண்டே வீட்டுக்குப் போவாள். அண்ணனோ மகனோ கூட இருப்பார்கள்.

கன்னியப்பனின் வில்லை அவருடைய அண்ணன் முனுசாமியின் சட்டைப் பையில் இருந்தது. முனுசாமி மேஸ்திரி, பாலகாட் லைனில் இருந்தார். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற கூட்டத்துக்குத் தலைவர். தம்பியைச் சேர்த்த அன்றே வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "அந்த டெய்லரு இந்த கேட்டைத் தாண்டக் கூடாது."

பிறகு அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார், வில்லையும் அவரோடு பாதாளத்துக்குப் போய்விட்டது. கன்னியப்பன் பக்கத்தில் யாரும் இல்லை. சாமிக்கண்ணு கொண்டுவருகிற சோற்றுத் தூக்கை வேலி வழியாக வாங்கி வருவது மட்டும் எங்களால் முடிந்தது. எங்கள் நர்சுகள் முறை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். எங்கள் எல்லாருக்கும் யூனிஃபார்ம் தைத்தவர் அவர்தான். எங்கள் இடுப்பளவு எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், நாங்கள் பெருத்துப்போனால் ஒரு சொல் சொல்லாமல் தையலைப் பிரித்துவிடுவார். அந்தப் பெருந்தன்மைக்காவது நாங்கள் நன்றி காட்ட வேண்டாமா?

தலையணை மூச்சு விடாது

தூசி நோய்க்காரர்கள் படுத்துத் தூங்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும். முதுகுக்குப் பலகை வைப்போம், பலகை மேல் தலையணை அடுக்குவோம். மற்றவர்கள் ஒருமாதிரி கண்ணயர்வார்கள். கன்னியப்பன் மட்டும் தூங்கவே இல்லை. சரிந்து விழுவார், திடுக்கிட்டு விழிப்பார், இருமுவார். தூக்க மருந்து கொடுக்க டாக்டருக்குப் பயம், இருக்கிற மூச்சும் நின்றுவிடும் என்றார்.

ஒருநாள் மத்தியானம் தலையணையைச் சரி செய்துகொண்டே கேட்டேன்: "வீட்ல எப்படித் தூங்குவீங்க?"

"சாமிக்கண்ணு முதுவு குடுப்பாரு."

எனக்குப் புரியவில்லை. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"கட்டில்ல ரெண்டு பேரும் முதுவோட முதுவு வெச்சினு குந்துவோம். அவரு காஜா எடுத்துனு இருப்பாரு. நான் சாஞ்சிக்குவேன்."

பொத்தான் துளைக்கு ஓரம் கட்டுவதைத்தான் காஜா என்றார். பகலெல்லாம் மெஷினில் தைத்துவிட்டு, கையால் செய்கிற அந்த வேலையைச் சாமிக்கண்ணு வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவாராம். இவர் தூங்க, அவர் காஜா எடுக்க.

"இங்கேயும் தலகாணி இருக்குதே" என்றேன்.

"தலகாணி மூச்சு வுடாது, சிஸ்டர்" என்றார் கன்னியப்பன். "அவரு மூச்சு வுடறது எனக்கு முதுவுல தெரியும். அத்தப் புடிச்சினே நானும் வுடுவேன். அப்பால தூக்கம் வந்துரும்."

நான் தலையணையைத் தட்டிவிட்டு வந்தேன். மருந்து அறைக்குள் போனேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

ரெஜினா

இதை இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கன்னியப்பன் வருவதற்கு முன்பு, நர்சுகள் குவார்ட்டர்ஸில் என் அறையில் ரெஜினா என்று ஒருத்தி இருந்தாள். திண்டிவனம் பக்கத்துப் பெண். குளிர் தாங்க மாட்டாள். டூட்டி முடிந்து வந்ததும் தன் இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் நுழைத்துக்கொண்டு, "சூடு பண்ணு" என்பாள். பண்ணுவேன். அவள் தலையில் எப்போதும் கொஞ்சம் மருக்கொழுந்து வாசனை இருக்கும்.

அதைச் சிநேகம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று, அது வெறும் சிநேகம் இல்லை என்று தெரிந்தது. சிநேகிதி ஊருக்குப் போனால் இப்படி வலிக்காது.

பிறகு ஒருமுறை அவளுக்கு டைபாய்டு என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு அவள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இருந்த நர்ஸ், "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். "கூட வேலை பார்த்தேன்" என்றேன். "சொந்தக்காரங்க மட்டும்தான்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், என் வார்டிலும் அதுதான் நடைமுறை. ஆரஞ்சுப் பழப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். ரெஜினா பிழைத்துக்கொண்டாள். நான் வந்து போனது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வயதிலும் மருக்கொழுந்து விற்கிற இடத்தில் என் கால் நின்றுவிடுகிறது.

வேலிக்கு வெளியே நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் கன்னியப்பன் முதுகைப் பற்றிச் சொன்ன மறுநாள் மேட்ரனிடம் போனேன்.

மேட்ரனின் பெல்ட்

மேட்ரன் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார்.

"லுக், ஞானம். ஃபேமிலி வாணாம்னு சொல்லுது. நான் இன்னா செய்றது?"

"அவருக்குத் தூக்கம் வேணும் மேட்ரன். மருந்து குடுக்க முடியாதுன்னு டாக்டரே சொல்றாரு. முதுகு குடுக்க ஆள் வேணும். அந்த ஆள் வேலிகிட்ட நிக்கறாரு."

"அந்த ரெண்டு பேரும் இன்னா மாதிரின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்து கேக்கறே?"

"நம்ம யூனிஃபார்ம் தைக்கிறவரு மேட்ரன். உங்களோடதும் அவர் தைச்சதுதான்."

மேட்ரன் குனிந்து தன் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெல்ட் எத்தனை முறை பிரித்துத் தைக்கப்பட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதோடு நான் விடவில்லை, தனியாகவும் இல்லை. அடுத்த சில நாளும் மூன்று ஷிஃப்ட் நர்சுகளும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடினோம்: நோயாளி தூங்கவில்லை, முதுகு கொடுக்கப் பழகின ஆள் வேண்டும். டாக்டர் கடைசியில், "ஆளைக் கொண்டுவாங்களேன், நான் தடுத்தேனா?" என்று எரிந்து விழுந்தார். அதையும் மேட்ரனிடம் போய்ச் சொன்னேன்.

"வில்லை கொண்டா" என்றார் மேட்ரன். "வில்லை இருந்தா, வர்ற ஆளு யாருன்னு நான் கேக்கமாட்டேன். போ."

அண்ணனுக்கும் முதுகு இருந்தது

ஞாயிற்றுக்கிழமை பாலகாட் லைனுக்குப் போனேன். முனுசாமி மேஸ்திரி பனியனோடு வாசலில் உட்கார்ந்து வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"டெய்லரு அனுப்பிச்சானா?"

"யாரும் அனுப்பல மேஸ்திரி. நானேதான் வந்தேன்."

"இன்னாத்துக்கு? எங்கம்மா சாவற வரிக்கும் இவனுக்குப் பொண்ணு தேடினே இருந்தா, சிஸ்டரம்மா. கல்யாணம்ன்ற பேச்சை எடுத்தா எயுந்து பூடுவான். எல்லாம் அந்த ஆளால. லைன்ல என்னால தல நிமுந்து நடக்க முடியல."

எனக்கும் கோபம் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் வந்தது வில்லைக்காக.

"சரி, அவர் வரவேண்டாம். நீங்க வாங்க. முதுகு குடுங்க. உங்க தம்பி தூங்கி எத்தனையோ நாளாச்சு."

மேஸ்திரி என்னை முறைத்தார். "வர்றேன். எனக்கு இன்னா, முதுவு இல்லியா?"

அன்றே வந்தார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தம்பியின் முதுகோடு தன் முதுகைச் சேர்த்துக்கொண்டார். கன்னியப்பன் அண்ணன் மேல் சாய்ந்தார். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கண் வேலிப் பக்கமே போனது.

பிறகு மேஸ்திரி இருமத் தொடங்கினார். முதலில் லேசாக. அப்புறம் அடக்க முடியாமல், உடம்பே குலுங்க. தம்பியின் எடை முதுகில் இருக்க, அவரால் மூச்சை இழுக்க முடியவில்லை. அவர் குலுங்கியதில் கன்னியப்பனும் விழித்துக்கொண்டு இருமினார். முதுகோடு முதுகு ஒட்டியபடி அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி இருமினார்கள். ஒரே சத்தம். தூசி நோயின் அந்தச் சத்தத்தை வார்டில் அறியாதவர் யாருமில்லை.

நான் ஓடிப்போய் இருவரையும் பிரித்து உட்கார வைத்தேன். மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கும் வந்துட்டுதா, சிஸ்டரம்மா?"

"டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தம்பியின் உள்ளங்கையைத் திறந்து, அதில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு எழுந்து போனார்.

கன்னியப்பன் கையை என் பக்கம் நீட்டினார். வில்லையை வாங்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

காஜா

சாமிக்கண்ணு வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கட்டிலருகே வந்து நின்று கன்னியப்பனைப் பார்த்தார். அழுவார்கள் என்று நினைத்தேன். அவர், "இளைச்சுட்டியே" என்றார். கன்னியப்பன், "பித்தான் ஒண்ணு காணமே" என்று அவர் சட்டையைக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்தார்கள், முதுகு சேர்ந்தது, துணிப் பையிலிருந்து ஊசி நூல் வெளியே வந்தது. பால் கொண்டுவரும் நேரத்துக்குள் கன்னியப்பன் தூங்கிவிட்டார்.

வார்டு முழுக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "டெய்லரே, சும்மாதானே குந்தினு கீறே, என் சட்டைக்கும் ரெண்டு காஜா எடுத்துக் குடேன்." அதோடு வார்டு அவரை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு மேட்ரன் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார். வில்லையை நோயாளியின் கையிலேயே கொடுக்கச் சொன்னார். "உனக்கு யாரு சொந்தம்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு யார் வரணும்?" என்று கேட்க ஆரம்பித்தோம். சின்ன மாற்றம்தான். ஆனால் பின்னாளில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு திருநங்கை காய்ச்சலோடு வந்து, எங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு வார்டும் தள்ளியபோது, எங்களுக்கு அந்தக் கேள்வி கைகொடுத்தது. "உங்களுக்கு எந்த வார்டு வேணும்?" என்று கேட்டோம். அவள் எங்களை நம்பாமல் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க வார்டு" என்றாள். பெண்கள் வார்டில் படுக்கை போட்டோம். முணுமுணுத்த இரண்டு பேரை நானே சமாளித்தேன், என் வாய் அப்படி.

வலது வகிடு

கன்னியப்பன் மழைக்காலம் வரை இருந்தார். ஒருநாள் காலை, டூட்டிக்கு வந்து வார்டில் நுழைந்தபோது இருவரும் வழக்கம்போல முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். சாமிக்கண்ணுவின் ஊசி நின்றிருந்தது.

"மூச்சு வுடல, சிஸ்டர்" என்றார், திரும்பாமல்.

நாடி பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. "எழுந்திரிங்க அண்ணே" என்றேன்.

"எயுந்தா சாஞ்சிருவாரு."

நான் கன்னியப்பனைத் தாங்கிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.

இறந்தவரைத் துடைத்து, துணி மாற்றி, வீட்டாரிடம் ஒப்படைப்பது நர்சின் வேலை. திரையை இழுத்துவிட்டு, வெந்நீரையும் துணியையும் சாமிக்கண்ணுவின் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் பிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் நிதானமாகத்தான் செய்தார். முடித்ததும் துணிப் பையை எடுத்துக்கொண்டார்.

"அவுங்க வர்ற நேரம். நான் கீறத பாத்தா பேச்சு வளரும். சாவுல சண்டை வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருங்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. எந்த உரிமையில் சொல்வது?

முனுசாமி மேஸ்திரி ஆட்களோடு லாரியில் வந்தார். முகத்துணியை விலக்கிப் பார்த்தார். கன்னியப்பனின் தலை வாரி, அவருடைய பழைய வழக்கப்படி வலது பக்கம் வகிடு எடுத்திருந்தது. நர்சுகள் நாங்கள் நோயாளிகள் எல்லாருக்கும் இடது பக்கம்தான் வகிடு எடுப்போம்.

"யாரு வாரினது?"

"வீட்டு ஆளு" என்றேன். கண்ணை இறக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைத்தார்கள். ஆட்கள் ஏறினார்கள், டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். மேஸ்திரி ஒரு காலைப் படியில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"எந்தப் பக்கம் போனான்?"

நான் கையைக் காட்டினேன். சயனைட் மேட்டை ஒட்டின ரோட்டில், சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு சாமிக்கண்ணு போய்க்கொண்டிருந்தார். வெகுதூரம் போய்விட்டிருந்தார்.

மேஸ்திரி லாரியின் கதவைத் தட்டினார். "ஆஃப் பண்ணுப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கூப்புடுங்க, சிஸ்டரம்மா. எனக்கு அவ்ளோ மூச்சு இல்ல."

ஆஸ்பத்திரி வளாகத்தில் நர்ஸ் குரலை உயர்த்தக் கூடாது. நான் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினேன். "சாமிக்கண்ணு அண்ணே!" என்று நெஞ்சு வலிக்கக் கத்தினேன். இன்னொரு முறை கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் வந்து சேரும்வரை லாரி நின்றது. சைக்கிளையும் மேலே ஏற்றிக்கொண்டார்கள்.